ஒரு பெட்டி, இரண்டு நாற்காலி

கொத்தனார் மூன்றாவது வரிசைக் கல்லை வைத்து மட்டம் பார்த்துக்கொண்டிருந்தபோது, வீட்டின் சின்ன மருமகள் ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் நீட்டினாள்.

"இதையும் உள்ள வெச்சுக் கட்டிடுங்க."

"ஓட்டை எதுவும் கூடாதுன்னு ஐயா ரெண்டு பேரும் சொன்னாங்களேம்மா."

"சுவரு அவங்களுக்கு. குழாய் எங்களுக்கு."

கொத்தனார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு குழாயை வாங்கி வைத்துக் கலவையைப் பூசினார்.

அப்பாவின் லேத் பட்டறையை முன்னிட்டு அண்ணனும் தம்பியும் முட்டிக்கொண்டு ஐந்து மாதம் ஆகிறது. முதலில் பேச்சு நின்றது, அப்புறம் சமையல் இரண்டானது, இப்போது கூடத்துக்கு நடுவில் சுவர். கட்டில், பீரோ, மிக்சி எல்லாம் பங்கு போட்டாயிற்று. பங்கு போட முடியாமல் நின்றது கணினி ஒன்றுதான். ஓரகத்திகள் இருவரும் தங்கள் சம்பளத்தில் சேர்ந்து வாங்கியது அது. ஞாயிறு மதியம் ஆண்கள் குறட்டை விடும் நேரத்தில் அதில் ஒரு கோட்டையைக் காப்பாற்றும் ஆட்டம் ஆடுவார்கள். ஒருத்தி ஆட, மற்றவள் பக்கத்தில் உட்கார்ந்து கத்துவாள். "ஆளுக்குப் பாதியா கழட்டி எடுத்துக்குங்க" என்றான் சின்னவளின் கணவன். "பிராசசர் ஒண்ணுதான் இருக்கு. லேத்துல வெச்சு அறுத்துத் தரீங்களா?" என்று கேட்டாள் அவள். அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அவளுக்கு மட்டும் இல்லையா? சண்டை போட்டவர்கள் இரண்டு பேர், பேசக் கூடாது என்ற தீர்ப்பு மட்டும் நாலு பேருக்கு. அந்தப் பக்கம் இருக்கும் பெரியவள்தான், கல்யாணமாகி வந்த நாள் முதல் இந்த வீட்டில் அவளைச் சிரிக்க வைத்த ஒரே ஆள். அந்த ஆளை விட்டுக்கொடுக்க அவள் தயாராக இல்லை.

சின்னவளுக்கு ஒரு மருத்துவமனையின் கணினிப் பிரிவில் வேலை. அங்கே ஒரே பெட்டிக்குள் மருந்தகத்துக்கு ஒன்று, பரிசோதனைக் கூடத்துக்கு ஒன்று என்று பல மெய்நிகர் கணினிகள் ஓடும். ஒவ்வொன்றும் தானே முழுக் கணினி என்று நம்பிக்கொண்டிருக்கும். அதையே வீட்டிலும் செய்தாள். அடியில் லினக்ஸ் இயங்குதளம். அதன் மேல் இரண்டு மெய்நிகர் கணினிகள், அந்த ஆட்டம் விண்டோஸில்தான் ஓடும் என்பதால் இரண்டிலும் விண்டோஸ். ஆளுக்கொரு கிராஃபிக்ஸ் அட்டை, ஆளுக்கொரு திரை. பெட்டி இவள் பக்கம் இருக்கும். பெரியவளுக்கான கேபிள்கள் குழாய் வழியே போகும். மூன்று வாரம், வேலை முடிந்து வந்து, திரும்பத் திரும்ப இருண்டுபோன திரையோடு மல்லுக்கட்டினாள்.

"இந்த வயசுல விளையாடறதுக்கா இவ்வளவு பாடு?" என்றான் கணவன்.

"ஆமா. விளையாடறதுக்குத்தான்."

பூச்சு காய்ந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டையும் ஓட விட்டாள். சின்னவள் குதிக்கும் பொத்தானை அழுத்தினாள். அவளுடைய வீரன் அசையாமல் நின்றான். குழாய்க்குள்ளிருந்து பெரியவளின் குரல் வந்தது.

"என்னடி இது, நான் சும்மா இருக்கேன், என் ஆளு தவளை மாதிரி குதிக்கிறான்!"

சின்னவளுக்குச் சட்டென்று புரிந்தது. மருமகள்களுக்குள் முணுமுணுப்பு வரக் கூடாது என்று அந்த வீட்டில் எதையும் ஒரே மாதிரி ஜோடியாகத்தான் வாங்குவார்கள். பழக்க தோஷத்தில் அவளும் ஒரே ரக விசைப்பலகை இரண்டு வாங்கிவிட்டாள். எந்தக் கணினிக்கு எது என்று ரகத்தை மட்டும் குறித்திருந்ததால் லினக்ஸுக்கு யாருடையது எது என்று தெரியாமல் மாற்றிக் கொடுத்திருக்கிறது.

"அக்கா, உங்க கையில இருக்கறது என் ஆளு. கொன்னுடாதீங்க!"

"நீ எனக்குத் தேங்காப்பால் அல்வா தரேன்னு ஏமாத்தின ஆளு. கொல்லத்தான் போறேன்."

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பெரியவள் பள்ளியில் கணக்கு டீச்சர். அவள் இப்படிச் சிரிப்பாள் என்று யார் சத்தியம் செய்தாலும் அவள் மாணவர்கள் நம்ப மாட்டார்கள். சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெட்டியின் எந்தத் துளையில் செருகிய விசைப்பலகை யாருக்கு என்று லினக்ஸுக்கு எழுதிக் கொடுத்து, மறுபடி ஓட விட்டாள். இந்த முறை அவரவர் ஆள் அவரவர் சொல்லைக் கேட்டான்.

சிரிப்புச் சத்தத்தில் கணவன் எழுந்து வந்துவிட்டான். குழாயைப் பார்த்தான், கேபிளைப் பார்த்தான். நேராகப் போய்ச் சுவரோரம் குனிந்து பிளக்கில் கை வைத்தான்.

"அந்தப் பக்கம் பேச்சு வேணாம்னு சொன்னேனா இல்லையா?"

அவள் நாற்காலியை விட்டு எழவில்லை.

"பிடுங்குங்க. ஆனா அங்கயும் அணைஞ்சு போகும். ஏன் அணைஞ்சதுன்னு அவங்க கேட்பாங்க. நான் சொல்ல மாட்டேன். நீங்களே போய் உங்க அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லிட்டு வாங்க."

அவன் குனிந்தபடியே இருந்தான். குழாயின் மறுபக்கத்திலும் யாரோ கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஓர் ஆண் தொண்டையைச் செருமுவது கேட்டது.

"ஆரம்பிக்கலாமா, இல்லையா?" என்று பெரியவள் உரக்கக் கேட்டாள். அது யாரை நோக்கிய கேள்வி என்று சொல்வது கடினம்.

சின்னவள் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டாள். கோட்டை வாசலில் பெரியவளின் வீரன் தனியாக நின்றிருந்தான். மலைச்சரிவில் எதிரிகள் இறங்கத் தொடங்கிவிட்டார்கள். முதுகுக்குப் பின்னால் இன்னும் பிளக்கில் இருக்கும் கையைத் திரும்பிப் பார்க்காமல், அவள் தன் வீரனை ஓட்டிக்கொண்டுபோய்ப் பெரியவளின் வீரனுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள்.