பெரட்டுக்கு லேட்டான மேகா

சுரேந்திரனுக்கு மகள் மேல் சந்தேகம் கிடையாது. மகளின் போன் மேல்தான் சந்தேகம். பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்தில் ஒரு பெண் போலீஸ் பேசிவிட்டுப் போனதிலிருந்து அந்தச் சந்தேகம் அவரை அட்டை மாதிரி பிடித்துக்கொண்டது. "வயசுப் பொண்ணு மாதிரியே பேசுவான். எந்த ஸ்கூல்னு கேப்பான், போட்டோ கேப்பான், வீட்ல சொல்லாதேம்பான்" என்று அந்த அம்மா விரல் விட்டு எண்ணிச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் மகளைக் கூப்பிட்டார். "இந்தா பாரு வாசுகி, கண்டவன் எவனாவது மெசேஜ் போட்டான்னு தெரிஞ்சுது, போன் பேக்டரி அடுப்புக்குள்ள போயிரும்." வெறும் பேச்சில்லை. மஞ்சூர்ப் பக்கத்து டீ பேக்டரியில் அடுப்புக்கு விறகு தள்ளுவதே அவர்தான். பதினொன்றாம் வகுப்புப் பாடமும், தோழி லோயிஸும் அந்தப் போனுக்குள்தான் இருந்தார்கள். வாசுகியின் முகம் வெளிறியது.

மிரட்டியதோடு விட்டிருந்தால் மனிதர் தப்பித்திருப்பார். கை சும்மா இருந்தால்தானே? டீ இடைவேளையில் இன்ஸ்டாவில் ஒரு கணக்குத் தொடங்கினார். பெயர் மேகா. வயது பதினாறு. ஊர் சென்னை. படத்துக்கு ஒரு ரோஜாப் பூ. மகளுக்கு அழைப்பு அனுப்பிவிட்டுக் காத்திருந்தார். மூன்று நாள் பதிலே இல்லை. 'என் பொண்ணுடா!' என்று பெருமையாகத்தான் இருந்தது. கொஞ்சம் கோபமாகவும் இருந்தது. மேகாவுக்கு என்ன குறைச்சல்?

நாலாம் நாள் சாயங்காலம் சம்மதம் வந்தது. போலீஸ் அம்மாவின் பட்டியலை வரிசை தவறாமல் கேட்டார் சுரேந்திரன். எந்த ஸ்கூல்? போட்டோ அனுப்பேன்? வீட்ல சொல்லிடாதே, சரியா? வாசுகி எதற்கும் பிடி கொடுக்கவில்லை. "இன்னைக்கு உங்க ஸ்கூல்ல என்ன விசேஷம்?" என்று திருப்பிக் கேட்டாள்.

மேகா யோசிக்காமல் எழுதினாள்: "காலைல பெரட்டுக்கு லேட்டாயிருச்சு. டீச்சர் அரைப் பேருதான் போட்டாங்க."

தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் எடுக்கக் கூடி நிற்பதுதான் பெரட்டு. தாமதமாகப் போனால் அரை நாள் வேலை, அதாவது அரைப் பேர். சுரேந்திரனின் அப்பா சிலோன் தோட்டத்திலிருந்து கொண்டுவந்த சொற்கள் அவை. உலகத்தில் காலையில் யார் வரிசையில் நின்றாலும் சுரேந்திரனுக்கு அது பெரட்டுதான்.

வாசுகியிடமிருந்து பதில் வந்தது: "மேகா, எனக்குப் பயமா இருக்கு. ஒரு ஆள் என்கிட்ட தப்புத் தப்பாக் கேக்கறாங்க. அப்பாகிட்ட சொன்னா போனை அடுப்புல போட்டுருவார்."

சுரேந்திரனுக்குப் பாதி உயிர் போய்விட்டது. விறகுக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். எந்தப் பாவி? எத்தனை நாளாக? பெற்ற அப்பனிடம் சொல்லாமல் ரோஜாப் பூவிடம் சொல்கிறாளே! தன் மிரட்டல்தான் பிள்ளையின் வாயை அடைத்தது என்று உறைத்தபோது கண் கலங்கியது.

"உடனே அப்பாகிட்ட சொல்லு கண்ணு. போனைத் தொட மாட்டார், திட்டவும் மாட்டார்."

"சத்தியமா?"

"மாரியம்மா மேல சத்தியம்."

லீவு சொல்லிவிட்டு ஓட்டமாக வந்தார். தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டு வாசலில் வாசுகி போனோடு நின்றாள்.

"யாரும்மா அவன்?" மூச்சு இரைத்தது.

"அவன் இல்லப்பா, அவ. எந்த ஸ்கூல்னா, போட்டோ அனுப்புன்னா, வீட்ல சொல்லாதேன்னா. பேரு மேகா. சென்னையாம்."

சுரேந்திரன் திரையைப் பார்த்தார். பிறகு மாரியம்மன் கோயில் இருந்த திசையைப் பார்த்தார்.

"எப்பத் தெரிஞ்சுது?"

"நீங்க டெய்லி குட்மார்னிங் போடற அதே ரோஜாப்பா. அப்பவே சந்தேகம். பெரட்டுன்னதும் தீந்துபோச்சு. சென்னைல எந்த ஸ்கூல்லப்பா பெரட்டு?"

கொழுந்து பறித்துவிட்டு அப்போதுதான் வந்த அவர் மனைவி ராஜகுமாரி காலிக் கூடையைத் தொப்பென்று போட்டாள். "யாருங்க பிள்ளைகிட்ட வம்பு பண்றது? செருப்பால அடிக்கணும்!"

"அடிக்கத்தான் வேணும்" என்றார் சுரேந்திரன்.

வாசுகி சிரித்துக்கொண்டே மேகாவை பிளாக் செய்தாள். அப்புறம் மெதுவாக, "நெசமாவே எவனாவது கேட்டா உங்ககிட்டதான்ப்பா வருவேன். சத்தியம் பண்ணிருக்கீங்கல்ல?" என்றாள். சுரேந்திரனுக்கு அந்த ஒரு வார்த்தை போதும்.

மறுநாள் காலை அவள் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அவரே வாசலில் நின்று கத்தினார்: "ஓடு, ஓடு! பெரட்டுக்கு லேட்டாச்சு!"

"டீச்சர் அரைப் பேராவது போடுவாங்கப்பா!" என்று சரிவில் இறங்கி ஓடினாள் வாசுகி.