அல்லது வேறு விதமாக

...பத்து மணி என்றுதானே கடிதத்தில் போட்டிருந்தது, இப்போது பத்து இருபது, எங்களுடைய பிள்ளைகள் ஐந்து நிமிடம் பிந்திப் போனால் வரவு இடாப்பில் சிவப்பு மையால் கீறுகிறவர்கள், தாங்கள் மட்டும் எத்தனை மணிக்கும் வரலாம் போலிருக்கிறது... டொலறஸ் ஜன்னல் திரையை ஒரு விரலால் விலக்கிப் பார்த்தாள். பிளேஸ்டோவில் அந்தத் தெரு முழுவதும் தூறிக்கொண்டிருந்தது, செப்டெம்பர் கடைசி, எதிர்வீட்டுக்காரர் ஈரமான மஞ்சள் இலைகளைத் தும்புத்தடியால் தெருவுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார், வீட்டில் படிப்பிப்பதைப் பார்க்கவென்று கவுன்சிலில் இருந்து வரவேண்டிய பெண்ணைக் காணவில்லை. வராவிட்டால் நல்லது. இல்லை, வரட்டும், வந்து பார்க்கட்டும், மன்னாரில் கன்னியர்மடப் பள்ளிக்கூடத்தில் ஒன்பது வருடம் கணிதம் படிப்பித்தவளுக்குத் தன்னுடைய ஒரே பிள்ளைக்குப் படிப்பிக்கத் தெரியாதா என்று பார்த்துவிட்டுப் போகட்டும். “பிள்ளை, சொக்ஸை இழுத்து விடு,” என்றாள் திரும்பாமல். “ஓம் அம்மா.” “கொப்பியெல்லாம் ஒழுங்கா அடுக்கினனியோ?” “ஓம் அம்மா.” பிரிஜிற்றா மேசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், பத்து வயது, கழுத்தளவுக்கு வளர்ந்துவிட்ட மயிரைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கியிருந்தாள். அந்த மயிரைப் பார்க்கும்போதெல்லாம் டொலறஸுக்குப் பற்றிக்கொண்டு வரும், இடுப்புக்குக் கீழே தொங்கிய பின்னல் அது, ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை பின்னேரம் பசை அப்பிக் கட்டையாய் விறைத்துப்போய் வீட்டுக்கு வந்தது.

பசை. வகுப்பில் கடதாசி ஒட்டுகிற பசை. ஒரு போத்தல் முழுவதையும் பின்னலுக்குள் ஊற்றி நாலு பிள்ளைகள் சுற்றி நின்று கைதட்டியிருக்கிறார்கள், இவள் வாய் திறக்கவில்லை, நல்லெண்ணெய் வைத்தும் போகவில்லை, சுடுதண்ணீரிலும் போகவில்லை, கடைசியில் கத்தரிக்கோலைத் தானே பிடித்தாள் டொலறஸ், குளியலறையில், காதோடு. அடுத்த நாள் அதிபரிடம் போனால் அந்த மனிசி செவிடியோடு கதைக்கிற மாதிரி ஒவ்வொரு சொல்லாய் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள், அது ஒரு விபத்து, மிஸிஸ் பெனடிக்ற், பிள்ளைகளின் விளையாட்டு, உங்கள் மகள் கொஞ்சம் தொட்டால் சுருங்குகிற பிள்ளை. விபத்தா? ஒரு போத்தல் பசை தானாக நடந்து போய்ப் பின்னலில் ஏறுமா? அதைக் கேட்க வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள், ஆங்கிலம் வரவில்லை, அவளுக்குக் கோபம் தமிழில்தான் வரும், ஆங்கிலத்தில் எழுவாயையும் பயனிலையையும் தேடிப் பிடிப்பதற்குள் அதிபர் எழுந்து கதவைத் திறந்துவிட்டாள். வெளியே வரும் வழியில் வகுப்பறைக் கண்ணாடிக்கூடாகப் பார்த்தாள், பின்னங்களைக் கூட்டத் தெரிந்த தன் பிள்ளை, மெதுவாய்ப் படிக்கிறவர்கள் என்று ஒதுக்கிய மேசையில் உட்கார்ந்து கம்பியில் கோத்த மணிகளை எண்ணிக்கொண்டிருந்தாள், ஒன்று, இரண்டு, மூன்று. அந்தக் கிழமையே நூலகத்துக்குப் போய்ச் சட்டப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி அகராதியோடு இருந்து வாசித்தாள், பிள்ளைக்குக் கல்வி கொடுப்பது பெற்றோரின் கடமை, பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காக அனுப்புவதன் மூலம், அல்லது வேறு விதமாக. அல்லது வேறு விதமாக... அந்த வரியைக் கையால் எழுதி எடுத்துக்கொண்டு வந்தாள், பிள்ளையை நிற்பாட்டி வீட்டில் படிப்பிக்கப் போகிறேன் என்று ஜூலையில் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய கடிதத்தில் அதையே மேற்கோள் போட்டாள், ஒரு எழுத்துப் பிழை இல்லாமல்.

அடுத்த அறையில் கணவன் பெனடிக்ற் குறட்டை விட்டான். பெற்றோல் ஷெட்டில் இரவு ஷிப்ட் முடித்து ஏழு மணிக்குத்தான் வந்து படுத்தான், படுக்கட்டும், அவன் எழும்பி வந்தால்தான் தொல்லை, வருகிறவளின் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நிற்பான். திங்கட்கிழமை கவுன்சில் கடிதம் வந்ததில் இருந்து அதே பாட்டுத்தான், “இஞ்சேரும், எங்கட அகதிக் கேஸ் இன்னும் ஹோம் ஒபிஸில கிடக்குது, இந்த நேரத்தில அரசாங்கத்தோட கொழுவிறது சரியோ? பேசாமல் அந்தப் பள்ளிக்கூடத்துக்கே திருப்பி விடும்.” பேசாமல். நாலு வருடமாய்ப் பேசாமல்தானே இருக்கிறோம், விசாத் தாள் வரும் வரும் என்று பேசாமல், பஸ்ஸில் பின்னால் இருந்து ஒருத்தன் துப்பினாலும் துடைத்துக்கொண்டு பேசாமல், நான் விடிய நாலரைக்கு எழும்பி லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் யாருடையவோ ஒபிஸ் கம்பளத்தை மெசினால் இழுத்து இழுத்துத் துடைத்துவிட்டு ஒன்பது மணிக்குள் ஓடி வந்து ஒன்பதரைக்குப் பாடம் தொடங்குகிறேன், அதுவும் பேசாமல். பிள்ளையையும் பேசாமல் இருக்கப் பழக்கியது யார், நீங்கள்தானே என்று கேட்டாள். அவன் போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டான்.

எப்படிப்பட்ட கிழமை இது, நாளுக்கொரு தொல்லை. செவ்வாய் கொட்டுகிற மழையில் நூலகம், எட்டுப் புத்தகங்கள், பிளாஸ்ரிக் பை கிழிந்து ஆறுகள் பற்றிய புத்தகம் நடைபாதைத் தண்ணீரில் விழுந்தது, அதை அடுப்புக்குப் பக்கத்தில் பக்கம் பக்கமாய் விரித்துக் காய வைத்தாள். புதன் காலை இயற்கை விஞ்ஞானம் என்று நேரசூசியில் போட்டதால் பார்க்குக்குப் போனார்கள், பச்சை முள்ளுக்கோதுக்குள் இருந்து மினுங்குகிற மண்ணிறக் கொட்டைகள் புல்லெல்லாம் சிதறிக் கிடந்தன, பிரிஜிற்றா ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்து உருட்டினாள், வேறு பிள்ளைகள் என்றால் எறிந்து விளையாடும், ஆனால் அன்று பள்ளிக்கூட நாள், பார்க்கில் வேறு பிள்ளைகள் இல்லை. பத்து வகை இலை சேர்த்தாயிற்று, போதும், வா, வரைபடம் கீற வேண்டும் என்று இழுத்துக்கொண்டு வந்தாள். பின்னேரம் பின்னத்தைப் பின்னத்தால் வகுப்பது. கவிழ்த்துப் போட்டுப் பெருக்கு, எத்தனை தரம் சொல்வது, பிள்ளை இரண்டாவது பின்னத்தை விட்டுவிட்டு முதலாவதைக் கவிழ்த்துப் போட்டது, மறுபடியும் முதலாவதையே கவிழ்த்தது, வெள்ளிக்கிழமை வருகிறவள் இதைத்தான் கேட்பாள், கேட்டுவிட்டு மணி எண்ணுகிற மேசைக்குத்தான் இவள் சரி என்று எழுதுவாள்... அடிமட்டத்தை மேசையில் ஓங்கி அறைந்தாள், அது இரண்டாய் முறிந்து ஒரு துண்டு குசினி வரைக்கும் பறந்தது. பிள்ளை அழவில்லை. நல்ல பிள்ளை. உடனே சரியான விடையை எழுதிவிட்டது. வியாழன் இல்ஃபோர்டில் இருந்து மச்சாள் மரியநாயகி ரெலிபோனில், “டொலறஸ், உமக்கு ஏன் இந்த வீண் வேலை, என்ர பிள்ளையள் அதே மாதிரிப் பள்ளிக்கூடத்தில படிச்சுத்தானே வந்ததுகள், இனி ஊரெல்லாம் என்ன கதைக்கும், பெனடிக்ற்றின்ர பெட்டைக்கு ஏதோ குறையாம், அதுதான் வீட்டில வைச்சிருக்கினமாம் எண்டு...” குறையா? எந்தப் பிள்ளைக்குக் குறை? ரெலிபோனை வைத்த வேகத்தில் அது மேசையில் இருந்து விழுந்தது.

வாசல் மணி அடித்தது. பத்து முப்பத்தைந்து. மாடிப்படியில் மூச்சிரைக்க ஏறி வந்தாள் ஒரு வயதான வெள்ளைக்காரி, நனைந்த மழைக்கோட்டு, மூக்குக்கண்ணாடியில் தண்ணீர், மன்னியுங்கள், பஸ் வரவேயில்லை, பாதி வழி நடந்தே வந்தேன், என் பெயர் ஹார்ட்லி. வேகமாய்த்தான் கதைத்தாள், செவிடியோடு கதைக்கிற மாதிரி இல்லை. டொலறஸ் தயாராய் வைத்திருந்த வசனங்களில் முதலாவது, நீங்கள் முப்பத்தைந்து நிமிடம் பிந்திவிட்டீர்கள், பயன்படாமல் போயிற்று. கோட்டை வாங்கிக் கதவில் மாட்டினாள், அதுவும் எரிச்சலாய் இருந்தது, ஏன் இவள் அந்த அதிபரைப் போல் இல்லை? கொப்பிகளை ஒவ்வொன்றாய்த் திறந்து பார்த்தாள் ஹார்ட்லி, கணிதம், ஆங்கிலம், இலைகள் ஒட்டிய கொப்பி, ஆறுகளின் வரைபடம், காலை ஒன்பதரையில் இருந்து பின்னேரம் நாலு வரைக்கும் கால்மணி கால்மணியாய்ப் பிரித்த நேரசூசி, அதை மட்டும் கொஞ்சம் கூடுதலான நேரம் பார்த்தாள். அடுத்த அறையில் குறட்டை கேட்டது, டொலறஸ் இருமினாள். நீங்கள் ஆசிரியையா என்று கேட்டாள் ஹார்ட்லி. ஒன்பது வருடம், என்றாள் டொலறஸ், அதற்குப் பின்னால் வரவேண்டிய எல்லாம், சான்றிதழ் இருக்கிறது, கொண்டு வந்திருக்கிறேன், இங்கே அதைத் திறந்து பார்க்கக்கூட ஆளில்லை, நான் உங்கள் கம்பளத்தைத் துடைக்கிறேன் என்பதெல்லாம், நெஞ்சுக்குள் தமிழிலேயே நின்றது. அப்படித்தான் நினைத்தேன், கொப்பி திருத்தியிருக்கிற விதத்திலேயே தெரிகிறது, என்றாள் அவள். நான் மகளோடு கொஞ்சம் தனியாகக் கதைக்கலாமா?

தேத்தண்ணி போடப் போவதைத் தவிர வேறு என்ன செய்ய? குசினிக் கதவைக் கொஞ்சம் திறந்தபடி விட்டாள், கேத்திலை வைத்தாள், வைத்த பிறகுதான் அதன் இரைச்சலில் ஒன்றும் கேட்காது என்று விளங்கியது, நிறுத்தினால் நிறுத்தியது தெரியும். பின்னத்தைக் கேட்கிறாளா? கவிழ்த்துப் போடு பிள்ளை, கவிழ்த்துப் போட்டுப் பெருக்கு. பள்ளிக்கூடத்தில் நடந்ததைக் கேட்கிறாளா, சொல்லாதே, இல்லை, சொல்லு, எல்லாவற்றையும் சொல்லு. பாலைக் கோப்பைகளில் ஊற்றினாள். அப்போதுதான் கேத்தில் ஓய்ந்தது, அந்த ஓய்வுக்குள் ஒரு சத்தம் வந்தது, முதலில் வெளியே தெருவில் யாரோ என்று நினைத்தாள். சிரிப்பு. வயிற்றில் இருந்து வெடித்து, அடக்கப் பார்த்து அடக்க முடியாமல் மூக்கால் வருகிற சிரிப்பு, அதற்கு மேல் வயதானவளின் சிரிப்பும் சேர்ந்தது. பிரிஜிற்றாவா? அந்தப் பிள்ளை இப்படிச் சிரிக்குமா? கடைசியாய் எப்போது... நத்தார்ப் பண்டிகைக்கு? அதற்கும் முந்தியா? தட்டைத் தூக்கிக்கொண்டு போனாள், வாசலில் அவளைக் கண்டதும் சிரிப்பு நின்றது, ரேடியோவைத் திருகி நிறுத்திய மாதிரி. பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்து சொக்ஸை இழுத்து விட்டது.

ஹார்ட்லி தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னாள், வேலை மிக நன்றாக இருக்கிறது, அப்படியே எழுதுவேன், பள்ளிக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லி உங்களை ஒருவரும் கட்டாயப்படுத்தப் போவதில்லை, அடுத்த இலைதளிர் காலத்தில் ஒரு தரம் வந்து பார்ப்பேன். எழுந்து கோட்டை மாட்டும்போது, அவள் மற்றப் பிள்ளைகளைச் சந்திக்கிறாளா என்று மட்டும் கேட்டாள், மெதுவாக, குற்றம் சாட்டாமல். எந்த மற்றப் பிள்ளைகளை? பசைப் போத்தலோடு நின்றவர்களையா? ஞாயிறு பூசைக்குப் போகிறோம், என்றாள் டொலறஸ். நல்லது, என்று சொல்லிவிட்டு, பிரிஜிற்றாவின் தோளை ஒரு தரம் தொட்டுவிட்டு அவள் படியிறங்கிப் போனாள்.

வென்றாயிற்று. கதவைச் சாத்திவிட்டு அதில் சாய்ந்தபடி நின்றாள். பெனடிக்ற்றை எழுப்பிச் சொல்லலாம், மரியநாயகிக்கு எடுத்துச் சொல்லலாம், அந்த அதிபரின் முகத்துக்கு முன்னால் கடிதத்தைப் பிடிக்கலாம்... ஆனால் ஜூன் மாதம் தொடக்கம் உள்ளே எரிந்துகொண்டிருந்தது அணையவில்லை, தள்ளுவதற்கென்று முழு மூச்சையும் பிடித்துக்கொண்டு வந்த கதவு திறந்தே கிடந்தது, அந்தப் பலத்தை இனி எங்கே கொண்டுபோய் வைப்பது? பிள்ளை ஏற்கெனவே கணிதக் கொப்பியை எடுத்துத் திறந்து வைத்திருந்தாள். பதினொன்றேகால், நேரசூசிப்படி கணிதம்தான். முன் பின் தெரியாத ஒருத்தி, கால்மணி நேரம், அவளோடு பிள்ளை சிரிக்கிறாள். நான் மூன்று கிழமை தொண்டை வரளக் கத்துகிறேன், எனக்கு ஓம் அம்மா, ஓம் அம்மா. என்ன, எனக்குப் பொறாமையா? பெற்ற பிள்ளை சிரித்ததற்கா?

“என்னத்துக்குச் சிரிச்சனி?”

“எப்ப அம்மா?”

“நான் தேத்தண்ணி போடேக்க.”

“சும்மா.”

“சும்மா ஆரும் சிரிப்பினமே? சொல்லு பிள்ளை.”

பிரிஜிற்றா பென்சிலின் அடியைக் கடித்தாள். “அந்த மிஸ் கேட்டவா, அம்மா எப்பிடிப் படிப்பிக்கிறவா எண்டு. நான் செய்து காட்டினன்.”

“என்னத்தைச் செய்து காட்டினனி?”

“உங்களை.”

டொலறஸ் மேசைக்கு எதிரே இருந்த கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். என்னையா, என்னை எப்படி, கையை எப்படி வைத்து, எந்தக் குரலில், இந்தப் பிள்ளைக்கு அப்படியெல்லாம் செய்யத் தெரியுமா... சிரிப்பு வரப் பார்த்தது, உண்மையாகவே வந்தது, நெஞ்சு வரைக்கும். “எனக்கும் ஒருக்கால் செய்து காட்டு,” என்றாள். ஆசையாய்த்தான் கேட்டாள், வாயால் வந்தபோது அது கட்டளை போல் இருந்தது. பிரிஜிற்றா பென்சிலை வைத்துவிட்டுக் கதிரையில் இருந்து அரைவாசி எழுந்தாள், ஒரு கை இடுப்புக்குப் போகத் தொடங்கியது, அங்கேயே நின்றது. அவள் டொலறஸின் முகத்தைப் பார்த்தாள். கண்ணை, புருவத்தை, வாயின் ஓரத்தை, பிறகு மறுபடியும் கண்ணை, அவசரமே இல்லாமல், நன்றாகப் பழகின ஒரு வேலையைச் செய்கிற மாதிரி.

“நான் கோவிக்க மாட்டன் பிள்ளை.” அதுவும் உரத்துத்தான் வந்தது.

“மறந்துபோச்சு அம்மா,” என்று சொல்லிவிட்டு அவள் மெல்ல உட்கார்ந்தாள்.

இப்படிப் பார்க்கப் பழகியது எப்போது, அங்கேயா, அந்த நாலு பேருக்கு நடுவில் நின்றபோதா, இல்லை இங்கே, இந்த மேசையிலா, என் முகத்திலேயேதான் பழகினாளா... முகத்தை இளக்க வேண்டும் என்று நினைத்தாள், எதை முதலில் இளக்குவது, புருவத்தையா, வாயையா, தன்னுடைய முகம் இந்த நிமிடம் எப்படி இருக்கிறது என்று அவளுக்கே தெரியவில்லை. எதிரே பிள்ளை கொப்பியில் தேதியைப் போட்டு, இல்லாத அடிமட்டத்துக்குப் பதிலாய் நூலகப் புத்தகத்தின் விளிம்பை வைத்து நேராய்க் கோடு கீறினாள்.

“ஆறாவது கணக்கைச் செய்யட்டே அம்மா?” என்று கேட்டாள், கேட்டுவிட்டு, பதில் வருவதற்கு முன்னால் நிமிர்ந்து பார்த்தாள்.