வெள்ளையாக நின்ற சோறு

1

இந்தக் கதை ஓர் "இல்லீங்க"விலிருந்து பிறந்தது. 1984. காரைக்காலில் ஒரு மருத்துவமனை வராந்தாவில் காத்திருந்தேன். முன்பு காமாலை வந்ததுண்டா என்று உள்ளே மருத்துவர் கேட்டார். நோயாளி வாய் திறக்குமுன் மனைவி பதில் சொன்னாள். நான் கேட்டது அவ்வளவே. மீதி என் கைவேலை.

2

அவளுக்குச் சலோமி என்று பெயர் வைத்தேன். கணவன் சந்தனசாமி, பட்டினச்சேரியில் படகு எஞ்சின் பழுதுபார்ப்பவன். கழுத்தில் கட்டிகள், புற்று. மழை பெய்துகொண்டிருந்த அந்தக் காலையில் சலோமி

(வேண்டாம். மழை பெய்யவில்லை.)

ஊசி மருந்தில் கட்டிகள் கரைந்தன. கழுத்து மாப்பிள்ளைக் கழுத்தாகிவிட்டது என்றாள். அப்படியானால் பெண் பார் என்றான் அவன்.

3

மருத்துவரிடம் அவள் "இல்லீங்க" என்றது பொய்யா? நெடுநாள் சந்தேகப்பட்டேன்.

[எங்கள் பக்கத்தில் காமாலைக்காரரின் சிறுநீரில் சோற்றைப் போட்டு வைப்பார்கள். மஞ்சளானால் நோய் இருக்கிறது. வெள்ளையாகவே நின்றால் போய்விட்டது.]

கல்யாணமான புதிதில் அவனுக்குக் காமாலை கண்டது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தாள். சோறு வெள்ளையாக நின்ற அன்றே மீன் குழம்பு வைத்தாள். போன நோயின் பெயரைச் சொன்னால் திரும்பி வரும் என்பது அவள் வீட்டு நம்பிக்கை. ஊசி தொடங்குமுன் மருத்துவர் ரத்தமும் பார்த்திருந்தார், காமாலைக் கிருமி இல்லை. சோறும் ரத்தமும் ஒன்றையே சொன்னபின் அவள் எதைச் சந்தேகப்படுவாள்?

4

பிறகு அவன் கண் மஞ்சளாயிற்று.

மருத்துவர் விளக்கினார். கட்டி ஈரல் பக்கம் பரவியிருந்தால் மருந்தைக் கூட்ட வேண்டும். ஆனால் பழைய காமாலைக் கிருமி சோதனைக்குச் சிக்காமல் ஈரலில் ஒளிந்திருக்கவும் கூடும். மருந்து உடம்பின் எதிர்ப்பைக் குறைத்ததும் அது எழுந்திருந்தால், அடுத்த ஊசி ஆளையே கொன்றுவிடும். ஆகவே மறுபடியும் கேட்டார்.

"இல்லீங்க டாக்டர்," என்றான் சந்தனசாமி. மனைவியைப் பொய்க்காரியாக்க அவனுக்கு மனமில்லை.

இங்கே இரண்டு முறை எழுதி அடித்தேன். ஒன்றில் சலோமி அழுதாள். மற்றதில் மருத்துவரே கண்டுபிடித்தார். இரண்டிலும் சலோமி இல்லை. இதில் இருக்கிறாள்:

"வந்துச்சுங்க. நான்தான் இல்லன்னேன்."

அன்று ஊசி போடவில்லை.

5

வெளியே வந்ததும், நானே சமாளித்திருப்பேன் என்றான்.

"நீங்க சமாளிச்ச லட்சணந்தான் கண்ணுல தெரியுதே. பேசாம வாங்க."

6

பிழைத்தானா? ஒரு முடிவில் ஈரல் தேறுகிறது, கட்டி திரும்புகிறது. இன்னொன்றில் கட்டி வரவில்லை, ஆனால்

இரண்டையும் கிழித்தேன். அந்தக் கிருமிக்கு அன்று மருந்தில்லை. பொறுத்துப் பார்ப்போம் என்றுதான் மருத்துவரே சொன்னார். அவருக்குத் தெரியாததை நான் தெரிந்ததுபோல் எழுதமாட்டேன்.

இருவரும் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். பசிக்கிறது என்கிறான் அவன். காமாலை கண்டால் முதலில் போவது பசிதான். உண்மையா என்று சலோமி அவன் முகத்தைப் பார்க்கிறாள்.

நீங்களும் பாருங்கள்.