பொடி படாத பிள்ளை

கம்பெனி வேன் தாயில்பட்டி முக்கில் இறக்கிவிட்டால் பானுப்பிரியா நேரே வீட்டுக்குள் போவதில்லை. கொல்லைப்புறம் போய்த் தலைக்கு மூன்று குடம் ஊற்றி, சேலையைத் தனி வாளியில் முக்கிவிட்டுத்தான் வாசற்படி மிதிப்பாள். "ஊர்ல நீ மட்டுந்தான் பட்டாசு வேலை பாக்கியாக்கும்" என்று பக்கத்து வீட்டு ஆவுடைத்தாய் கேலி பேசினாள். பேசட்டுமே. மகள் வீரலட்சுமிக்கு ஒன்றரை மாதமாகக் காலையில் எழுந்ததும் தலைவலி. கம்பெனியில் புதிதாகச் சேர்கிற எவளுக்கும் முதல் வாரம் அப்படித்தான் வலிக்கும். அலுமினியப் பொடியின் காட்டம் அது. தன் மேலிருந்துதான் பிள்ளைக்கு ஏறுகிறது என்று பானுப்பிரியாவாகவே முடிவுகட்டி, பாயைக்கூடத் தள்ளிப் போட்டுவிட்டாள். பிள்ளை கட்டிக்கொள்ள ஓடிவந்தால், "அங்கனயே நில்லு" என்பாள்.

வீரலட்சுமிக்குப் பதினொரு வயது. பார்த்தால் ஏழு சொல்லலாம். பள்ளிக்கூடத்தில் குட்டக் கத்திரிக்கா என்று பட்டப்பெயர். வளர்வதற்கென்று பெரியாஸ்பத்திரியில் கொடுத்த ஊசியை நாலு மாதமாகத் தினம் சாயங்காலம் தொடையில் போட்டுக்கொள்கிறாள், அதுவும் தன் கையாலேயே. கதவு நிலையில் மாதம் ஒரு பென்சில் கோடு. நாலாவது கோடு விழுந்த அன்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சிரித்தாள். அந்த ஊசியைப் போய் யார் சந்தேகப்படுவார்கள்?

கம்பெனியை ஆய்வுக்காக மூடிப் பத்தாம் நாள் காலை. வீட்டில் ஒரு சிட்டிகைப் பொடி கிடையாது. அப்படியும் பிள்ளை தலையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள். காப்பித் தம்ளரை எடுக்கக் கை நீட்டினாள். கை தம்ளருக்குப் பக்கத்தில் வெறுந்தரையைத் தொட்டது.

பானுப்பிரியா குனிந்து பிள்ளையின் கண்ணைப் பார்த்தாள். "ஏத்தா, கண்ணு தெரியலையா?"

"தெரியுது. ரெண்டாத் தெரியுது."

"எம்புட்டு நாளா?"

கதவைப் பார்த்தபடியே பிள்ளை சொன்னாள்: "தலை வலிச்சாலோ கண்ணு மங்குனாலோ ஒடனே வந்து சொல்லணும்னு நர்ஸம்மா மொத நாளே சொன்னாக. சொன்னா ஊசிய நிப்பாட்டிருவாகம்மா."

சொன்னார்கள்தான். அன்று பானுப்பிரியாவின் கவனமெல்லாம் ஊசியை எப்படிப் பிடிப்பது என்பதிலேயே இருந்தது. பிள்ளை ஒன்றுவிடாமல் கேட்டு, இத்தனை நாள் வாயைப் பூட்டி வைத்திருக்கிறாள். பிள்ளையைக் கெடுத்தது தன் பொடி இல்லை என்று முதலில் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அடச்சீ, அதை நினைத்து அவளுக்கே கூசியது.

நர்ஸம்மாவைக் கைபேசியில் அழைத்து விவரம் சொன்னாள்.

"இன்னைக்கு ஊசி போட வேணாம். ஒடனே கெளம்பி வாங்க, கண்ணப் பாக்கணும்."

"பெறகு மறுபடி போடுவீகளாம்மா?"

"டாக்டர் பாத்துத்தான் சொல்லணும்."

வீரலட்சுமி அதற்குள் கதவு நிலையில் முதுகை ஒட்டி, குதிகாலை அழுத்தி நின்றிருந்தாள். "போறதுக்கு முன்னாடி ஒரு கோடு போட்டுரும்மா."

"மாசம் முடியலையேத்தா."

"பரவால்ல. போடு."

பென்சிலைத் தேடி எடுத்துவந்து போட்டாள். பழைய கோட்டுக்கும் புதுக் கோட்டுக்கும் நடுவே ஒரு நூல்தான் இடைவெளி. பிள்ளை அதைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பி, பழக்கத்தில் ஓரடி தள்ளியே நின்றாள்.

"இங்கன வாத்தா."

வந்தாள். முன்பெல்லாம் தாலிக்குக் கீழேயே நின்றுவிடும் தலை, இப்போது நேராகத் தாலியில் வந்து இடித்தது.