தவிட்டுக்கு வாங்கிய டெரியர்

1

இந்தக் கதை நான் யோசித்துக் கண்டுபிடித்ததில்லை. உத்தமபாளையத்தில் ஒரு டீக்கடை வாசலில் கேட்டு வாங்கினேன். திராட்சைப் பெட்டி ஏற்றிய மினி லாரியின் முன்சீட்டில் ஒரு நாய் உட்கார்ந்திருந்தது. வெள்ளை உடம்பு, ஒரு காது மட்டும் பழுப்பு. ஜாக் ரஸ்ஸல் டெரியர். பிள்ளைகள் படம் ஒன்று வந்து ஊர் ஊராகப் பிரபலமாக்கிவிட்ட சாதி. (படத்தின் பெயரைத் தேடாதீர்கள். இந்தக் கதைக்காக நானே எடுத்த படம் அது.)

"என்ன விலைண்ணே?" என்று டிரைவரிடம் கேட்டேன்.

"ஒரு மொறம் தவிடு" என்றார்.

அதற்குமேல் நான் வந்த வேலையைப் பார்க்கவில்லை.

2

தொடக்கம் மூன்று தடவை எழுதினேன்.

'சுருளி மலையில் மேகம் இறங்கிய ஒரு மாலையில் பிச்சைமணி' — வேண்டாம். மேகம் இறங்கினால் யாரோ சாகப்போகிறார்கள் என்று நீங்கள் பயப்படுவீர்கள். இதில் யாரும் சாகவில்லை, நாய் உட்பட. நிம்மதியாகப் படியுங்கள்.

'நரியை வளையிலிருந்து விரட்டுவதற்கென்றே இங்கிலாந்தில் வளர்த்தெடுத்த' — இது கட்டுரை மாதிரிப் போகிறது. ஆனால் இந்த ஒரு சங்கதியை மட்டும் ஞாபகத்தில் வையுங்கள். இது குழி தோண்டுகிற நாய். படத்தில் அதைக் காட்டவில்லை. படத்தில் அது புத்தகப்பை தூக்கியது, பேப்பர் கொண்டுவந்து கொடுத்தது.

மூன்றாவது கீழே.

3

அந்த டிரைவர் பிச்சைமணிக்கு நாற்பத்தெட்டு வயது. ராயப்பன்பட்டியில் சொந்த வீடு, சொந்த மினி லாரி. கல்யாணம் மட்டும் ஆகவில்லை. பக்கத்து வீட்டில் ரோஸ்லின் டீச்சரும் மகள் மெர்லினும். டீச்சரின் கணவர் ஜான் பீட்டருக்கு நத்தத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து பூசை பார்த்துவிட்டுப் போவார். மெர்லினுக்கு அப்போது ஏழு வயது. அந்தப் படத்தை ஆறு தடவை பார்த்தாள். ஏழாவது தடவைக்குப் பதிலாக நாயே வந்துவிட்டது, கோட்டயத்திலிருந்து குமுளி வழியாக, அட்டைப் பெட்டியில்.

வந்த பத்தாம் நாள் குட்டிக்குப் பார்வோ காய்ச்சல். வாந்தியும் ரத்தபேதியும். டாக்டர் டிரிப் ஏற்றிவிட்டு, உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். மெர்லின் சோற்றைத் தொடவில்லை. பிச்சைமணி தயங்கித் தயங்கி இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள சுவரோரம் வந்து நின்றார்.

"டீச்சர், தப்பா நெனக்காதீக. எனக்கு முந்தி எங்காத்தாளுக்கு ரெண்டு பிள்ளைக தங்கல. என்னையப் பெத்ததும் பக்கத்து வீட்டுச் சுப்புத்தாய்க்குத் தவிட்டுக்கு வித்துட்டாக. பிச்சைனு பேரு வச்சாக. நான் தங்கிட்டேன்ல? இதையும் எனக்கு வித்துருங்க."

* தெரியாதவர்களுக்கு: விற்பனை பேருக்குத்தான். பிள்ளை பெற்றவளிடமேதான் வளரும். இது இந்த வீட்டுப் பிள்ளை இல்லை என்று எமன் ஏமாந்து திரும்பிவிடுவான் என்று ஒரு நம்பிக்கை.

"நாங்க அந்தோணியார்கிட்ட வேண்டியிருக்கோம்ணே" என்றார் டீச்சர்.

"அவரு ஒரு பக்கம் பாக்கட்டும் டீச்சர். நான் ஒரு பக்கம் பாக்குறேன்."

மெர்லின் அம்மாவையே பார்த்தாள். டீச்சர் துண்டில் சுற்றிய குட்டியைச் சுவருக்கு மேலாக நீட்டினார். இந்தப் பக்கமிருந்து ஒரு முறம் தவிடு போனது. முதலில் வைத்திருந்த படத்து நாயின் பெயரை எடுத்துவிட்டு, தவிட்டுராஜா என்று வைத்தார்கள். பழைய பெயர் போனதும் நல்லதுக்குத்தான். தேவாரத்திலிருந்து லோயர் கேம்ப் வரைக்கும் ஊருக்கு ஊர் அதே பெயரில் நாய்கள் திரிந்தன. ஒன்றைக் கூப்பிட்டால் தெருவே திரும்பிப் பார்த்தது.

குட்டி பிழைத்தது. டாக்டரா, அந்தோணியாரா, தவிடா என்பதில் ஊரில் மூன்று கட்சி. நான் டாக்டர் கட்சி.

ஒரு தப்பு மட்டும் நடந்துவிட்டது. விற்பனை பேருக்குத்தான் என்பது மனிதர்களுக்குத் தெரியும், நாய்க்குத் தெரியாது. பிச்சைமணி வீட்டுக் கோணிப்பையில் கிடந்து, அவர் கையால் கஞ்சித் தண்ணீர் குடித்து எழுந்தது அது. எழுந்ததும் பெட்டி அடுக்குகிற கொட்டகைக்குள் போனது. இரண்டு பெருச்சாளிகளை இழுத்துவந்து அவர் காலடியில் போட்டது.

"ஏலே, நீ வேலைக்காரன்டா" என்றார் பிச்சைமணி. அவரோடு அந்த வீட்டில் யாரும் அவ்வளவு நாளும் வேலை பார்த்ததில்லை.

அப்புறம் இரண்டு வருஷம் நாய் பகலெல்லாம் அவரோடு லாரியில். பள்ளிக்கூடம் விட்டதும் மெர்லினோடு. அவள் கொடுத்த பேப்பரைக் கிழித்தது, புத்தகப்பையைத் தோண்டியது. அவளுக்கு அதுவும் பிடித்திருந்தது. தூங்குவதற்குச் சுவரேறிக் குதித்து பிச்சைமணியிடம் போய்விடும்.

4

இந்த மே மாதம் ரோஸ்லின் டீச்சருக்கு நத்தத்துக்கு மாறுதல் கிடைத்தது. அவரே கேட்டு வாங்கியது. ஆறு வருஷத்துக்குப் பிறகு குடும்பம் ஒரே வீட்டில்.

முதல் வரைவில் டீச்சரைக் கறாரான பெண்ணாக எழுதினேன். கதைக்கு ஒரு கெட்டவர் இருந்தால் எழுதுகிறவனுக்குச் சௌகரியம். 'நாயைக் கட்டி ஒப்படையுங்கள் என்று ரோஸ்லின் அதட்டலாக' — இதற்குமேல் எழுத வெட்கமாகிவிட்டது. நடந்தது வேறு. டீச்சர் முறத்தில் தவிடு எடுத்துக்கொண்டு வாசல் வழியாக வந்தார்.

"மெர்லின் கேக்கச் சொல்லலண்ணே. நானாத்தான் வந்தேன்."

"தெரியும் டீச்சர்."

பிச்சைமணிக்கு நியாயம் புரியாமல் இல்லை. தவிட்டைத் திருப்பிக் கொடுத்தால் பிள்ளை அவர்களுடையது. எப்போதுமே அவர்களுடையதுதான். ஆனாலும் இந்தப் பொம்பளை ஒரு வார்த்தை முறைத்துப் பேசியிருந்தால், முடியாது என்று சொல்லிவிடலாமே என்று நினைத்தார். டீச்சர் முறைக்கவில்லை. முறத்தைத் தரையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

5

மெர்லின் ஒரு வழி சொன்னாள். படத்தில் வருவதுதான்: நாயை நடுவில் நிறுத்தி இரண்டு பக்கமும் நின்று கூப்பிட வேண்டும். அது யாரிடம் ஓடுகிறதோ அவருக்கு. (படத்தின் அந்தக் காட்சியில் நான் நன்றாக அழவைத்திருக்கிறேன்.) எனக்கும் ஆசைதான். நாயே முடித்துக் கொடுத்தால் என் வேலை மிச்சம்.

வாய்க்காலோரம் அறுப்பு முடிந்த வயலில் நிறுத்தினார்கள். அந்தப் பக்கம் மெர்லின், இந்தப் பக்கம் பிச்சைமணி. இரண்டு பேரும், "தவிட்டுராஜா" என்றார்கள்.

அது அவளைப் பார்த்தது. அவரைப் பார்த்தது. நேரே வரப்புக்கு ஓடி ஒரு எலி வளைக்குள் தலையை விட்டது. அரை மணி நேரம் வால் மட்டும்தான் வெளியே தெரிந்தது. டீச்சர் வரப்பில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மெர்லின் பிச்சைமணியின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இந்தக் கதையில் நான் ஒரு எழுத்தும் மாற்ற விரும்பாத இடம் இதுதான்.

6

முடிவு இரண்டு எழுதினேன்.

ஒன்றில் நாய் பிச்சைமணியோடு. அவரை எனக்குப் பிடிக்கும், மறைப்பதற்கில்லை. அதே டீக்கடையில் அவருக்கே வாசித்துக் காட்டினேன். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீக. ஆனா பிள்ளைய அழ விட்டுட்டீகளே. புது ஊரு, புதுப் பள்ளிக்கூடம். அதுக்கு அங்கன யாரு இருக்கா? அந்தத் தாளைக் கிழிச்சுருங்க சார்."

இன்னொன்றில் நாய் மெர்லினோடு. டீச்சருக்குப் போனில் வாசித்தேன்.

"அண்ணன் ஒத்தையில வீட்டுக்கதவத் தெறக்குற மாதிரி முடிச்சிருக்கீக. அதக் கேட்டுட்டு நான் எப்படி சார் அங்கன போயிக் குடியிருப்பேன்? மாத்திருங்க."

மெர்லின் போனைப் பிடுங்கிக்கொண்டாள். "சார், நத்தத்துல பெருச்சாளி இருக்குமா?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். அதுதான் உண்மை.

7

ஜூன் முதல் ஞாயிற்றுக்கிழமை சாமான் ஏற்றுகிறார்கள். வேறு யார் வண்டி, பிச்சைமணி வண்டிதான். வாடகைப் பேச்சை எடுத்ததற்கே டீச்சரைக் கோபித்துக்கொண்டார். நத்தம் வரைக்கும் நாய் மெர்லின் மடியில் போகும். அதுவரை சந்தேகமில்லை, அதுவரைக்கும் நானே எழுதிவிட்டேன். சாமானை இறக்கிக் காபி குடித்துவிட்டு அவர் வண்டியை எடுப்பார். அப்போது வண்டியில் அவர் மட்டுமா, நாயுமா என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும்.

யாரிடம் வேண்டுமானாலும் கொடுங்கள். கிடைக்காதவர், அதுதான் சரி என்று சொல்லிவிடுவார். என்னால் எழுத முடியாமல் போனது அதனால்தான்.