பத்து மில்லி கால்சியம்

"பையை அமுக்கு, முத்துச்செல்வி! நிறுத்தாத!"

கத்திக்கொண்டே டாக்டர் ஜெஸி, சொரிமுத்துவின் முழங்காலில் சிறு சுத்தியலால் தட்டினாள். கால் துள்ளவில்லை. மறுபடி தட்டினாள். மரக்கட்டை.

தென்காசியின் அந்தத் தனியார் மருத்துவமனைக்கு அவரைத் தூக்கி வந்து ஏழு நிமிடம்தான் ஆகியிருந்தது. ஐம்பத்தெட்டு வயது, புளியங்குடி விவசாயி. ஐந்தருவிப் பக்கம் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவர், கை கால் துவண்டு, மூச்சுத் திணறிச் சாய்ந்துவிட்டார். உடம்பில் எண்ணெய் இன்னும் வழிந்தது. நர்ஸ் முத்துச்செல்வி ரப்பர் பையை அமுக்கி அமுக்கி அவருக்குள் காற்றை ஊட்டிக்கொண்டிருந்தாள்.

வாசலில் வேறு ரகளை. அவருக்கு எண்ணெய் தேய்த்துவிட்ட பலவேசத்தின் கழுத்துத் துண்டைக் கொத்தாகப் பிடித்திருந்தார் சொரிமுத்துவின் மைத்துனர், ஏட்டு உச்சிமாகாளி.

"ஏலே, நெட்டி முறிக்கேன்னு எங்க அத்தான் கழுத்தையே முறிச்சுட்டியேலே!"

"சத்தியமா கழுத்துல கையே வைக்கல ஏட்டையா! கால்ல தேய்க்கும்போதே நனைஞ்ச துணி மாதிரி கிடந்தாரு."

"டாக்டரம்மா, ஸ்கேன் எடுக்கணும். நெல்வேலிக்குக் கொண்டு போறோம்" என்றார் ஏட்டு.

"பாதி வழியில முடிஞ்சிரும் அண்ணாச்சி. அஞ்சு நிமிஷம் குடுங்க."

ஜெஸி சொரிமுத்துவின் கால் பெருவிரலை அழுத்திக் கிள்ளினாள். விரல் அசையவில்லை. ஆனால் பாதி மூடிய கண்ணின் ஓரத்தில் ஒரு சொட்டு நீர் உருண்டது.

வலி தெரிகிறது. மனிதர் விழித்திருக்கிறார்!

"கழுத்து முறிஞ்சிருந்தா இந்தக் கிள்ளு தெரியாது. இமையும் தொங்காது. பலவேசம், உடம்புல பாம்புக் கடிவாய் ஏதும் பார்த்தீங்களா?"

"உச்சந்தலையில இருந்து உள்ளங்கால் வரைக்கும் தடவுனவன்மா நான். ஒரு கீறல் கிடையாது. உடம்புதான் செவந்து, சூடா இருந்துச்சு."

மானிட்டரில் இதயத் துடிப்பு நாற்பத்து நான்கு. ரத்த அழுத்தம் பாதாளத்தில்.

"சுகர் இருக்கா?"

"பன்னெண்டு வருஷமா. கிட்னி வேற கொஞ்சம் வீக்குன்னாவ" என்றார் உச்சிமாகாளி.

ஜெஸி நிமிர்ந்தாள். "பேதிக்கு உப்பு ஏதும் குடிச்சாரா?"

"ரெண்டு இட்லி. அவ்வளவுதான்!"

மூளை போடும் உத்தரவு நரம்பின் நுனிவரை வந்துவிடும். அங்கே சின்னஞ்சிறு கதவுகள் திறந்து, கால்சியம் உள்ளே பாய வேண்டும். பாய்ந்தால்தான் நரம்பு தன் ரசாயனத்தைத் தசை மீது கொட்டும், தசை சுருங்கும், நெஞ்சு விரிந்து மூச்சு வரும். அந்தக் கதவை மறித்து நிற்கக்கூடியது, பேதி உப்பில் இருக்கும் மெக்னீசியம். பழுதான கிட்னியால் அதை வெளியே தள்ள முடியாது.

பரிசோதனை முடிவு வர ஒரு மணி நேரம். அதுவரை இதயம் தாங்குமா?

"கால்சியம் குளுக்கோனேட், பத்து மில்லி!"

"எதை வச்சு ஊசி போடுதீய? அவருக்கு ஒண்ணு ஆச்சு, உங்களையும் இவனையும் உள்ள வைப்பேன்!"

"வைங்க. இப்ப வெளிச்சத்த மறைக்காதீங்க."

ஊசி ஏறியது. மெதுவாக, துளித் துளியாக. ஒரு நிமிடம். இரண்டு. நான்கு. உச்சிமாகாளியின் பிடிக்குள் பலவேசம் கண்ணை மூடிக்கொண்டான்.

நாற்பத்தொன்பது. ஐம்பத்தாறு.

"மேடம்!" முத்துச்செல்வி அலறினாள். "பையை எதிர்த்துத் தள்ளுதாரு! அவரே மூச்சு விடுதாரு!"

ஜெஸி சுத்தியலை எடுத்துத் தட்டினாள். முழங்கால் துள்ளியது!

"கால்சியம் கொஞ்ச நேரம்தான் தாங்கும். டயாலிசிஸ் ரெடி பண்ணச் சொல்லு." அவள் குரல் உடைந்து, சிரிப்பாக வந்தது. "ஜெயிச்சுட்டோம்ட்டி!"

சாயங்காலம் டயாலிசிஸ் முடிந்ததும் சொரிமுத்து வாய் திறந்தார்.

"மாப்ள, பலவேசத்த விட்டுரு. நீ அவன வையும்போதெல்லாம் கேட்டுட்டுதான் கிடந்தேன். நாக்கு அசையலடே."

"அப்ப என்னதான் அத்தான் தின்னீய?"

அவர் ஜெஸியின் முகத்தைப் பார்க்காமல் முனகினார்.

"வயித்தச் சுத்தம் பண்ணாம எண்ணெய் தேச்சா உடம்புல ஒட்டாதுல்லா. பேதி உப்பும் அதுவும் ஒண்ணுதான்னு நெனச்சு, மூணு நாளா கை கையா அள்ளிக் கரைச்சுக் குடிச்சேன். எலுமிச்ச மரத்துல இலை பழுத்தா அடிப்போமே, அந்த மெக்னீசியம் உரச் சாக்கு."