பை சோதனை

"நாளையிலேர்ந்து உங்க முடிவை எதிர்க்கப் போறேன் சார். முன்னாடியே சொல்லிடணும்னுதான் வந்தேன்" என்று அமல்ராஜ் வாசலில் நின்று சிரித்த முகமாகச் சொன்னபோது, ஸ்ரீநாத்துக்கு அந்தச் சிரிப்புதான் உறுத்தியது. எதிரி என்றால் எதிரி மாதிரி நடந்துகொள்ள வேண்டாமா? வாட்ஸ்அப் குரூப்பில் சாடை பேசலாம், நாலு பேரைத் தனியாகக் கூப்பிட்டுக் கொளுத்திப் போடலாம், பொதுக்குழுவில் கத்தலாம். குடியிருப்பில் இதுவரை எல்லாரும் அப்படித்தான் எதிர்த்திருக்கிறார்கள். வீடு தேடி வந்து சொல்லிவிட்டு எதிர்க்கிற ஆளை ஸ்ரீநாத் பார்த்ததே இல்லை.

"எப்படி எதிர்க்கப் போறீங்க?"

"ஷிப்டுக்குக் கெளம்பும்போது நானும் வீட்டு வேலை செய்யறவங்களோட வரிசையில நின்னு என் பையைத் தெறந்து காட்டப் போறேன். அவ்ளோதான்."

"எதுக்கு?"

"ஒரு கேட்டு, ஒரே சட்டம் சார். பாத்தா எல்லாரையும் பாக்கணும். இல்லனா யாரையும் பாக்கக் கூடாது."

ஸ்ரீநாத் கதவைச் சாத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அதன் மேலேயே சாய்ந்து நின்றான். இதில் என்னவோ இருக்கிறது என்று மட்டும் அவனுக்கு உறுதியாகத் தெரிந்தது.

நடந்தது இதுதான். ஆவடியில், பருத்திப்பட்டு ஏரி தெரியும் என்று சொல்லி விற்கப்பட்ட அடுக்குமாடி அது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினால் உண்மையிலேயே தெரியும். ஸ்ரீநாத் திருச்சியிலிருந்து ஐடி வேலைக்கு வந்து, அங்கே வீடு வாங்கி, சங்கச் செயலாளரும் ஆகிவிட்டவன். ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பிய வாரம், மனைவி அகல்யாவின் முருகன் டாலர் வைத்த தங்கச் சங்கிலியைக் காணோம். வீட்டுக்குள் வந்துபோகிற வெளியாள் ஒருத்திதான், வேலை செய்ய வரும் சபீனா. "யாருன்னு சொல்லித் தெரியணுமா?" என்று ஸ்ரீநாத் குரூப்பில் எழுதினான். இருநூறு பேர் இருக்கிற குரூப். சாயங்காலத்துக்குள் சபீனா எல்லாருக்கும் திருடி ஆகிவிட்டாள்.

ஆதாரம் இல்லாததால் போலீசுக்குப் போகவில்லை. அதற்குப் பதில், வீட்டு வேலைக்காரர்கள் வெளியே போகும்போது காவலாளி பாண்டியன் பையைத் திறந்து பார்க்க வேண்டும் என்று சட்டம் வந்தது. காந்தி ஜெயந்திக்கு முந்தின நாள் கமிட்டி கூடி, சபீனாவை இனி கேட்டுக்குள் விடுவதா வேண்டாமா என்று முடிவு செய்யும். ஸ்ரீநாத் வீட்டில் அவளை ஏற்கெனவே நிறுத்தியாகிவிட்டது. அவள் வேலை பார்க்கிற மற்ற நாலு வீடும் இந்த ஒரே கேட்டுக்குள்தான். கேட்டு மூடினால் நாலும் போச்சு. வேறு எந்த அடுக்குமாடியும் அவளைச் சேர்க்காது. இந்த மாதிரிச் செய்தி மட்டும் ஆவடி முழுக்க நொடியில் போய்ச் சேர்ந்துவிடும்.

அமல்ராஜ் வீட்டில் வேலையாளே கிடையாது. பட்டாபிராமில் பிறந்து வளர்ந்தவர். ஆவடியில் ரயிலேறி அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்கு மதிய ஷிப்டுக்குப் போகிறவர். சபீனாவுக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அதனால்தான் ஸ்ரீநாத்தின் சந்தேகம் இன்னும் தடித்தது. சம்பந்தமே இல்லாதவன் எதற்கு வெயிலில் நிற்கிறான்?

நின்றார். மதியம் வேலை முடிந்து போகிற பெண்களின் வரிசையில், கடைசி ஆளாக. முறை வந்ததும் பையை மேசை மேல் வைத்து ஜிப்பைத் திறந்தார். சாப்பாட்டு டப்பா, குடை, தண்ணீர் பாட்டில். பாண்டியன் கையைப் பிசைந்தான். "நீங்க போங்க சார்." அமல்ராஜ் போகவில்லை. "பாருங்க, அப்பதான் போவேன்" என்றார். பாண்டியன் பார்த்ததும் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

இதையெல்லாம் ஸ்ரீநாத் மூன்றாவது மாடியில் வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்த்தபடி மொபைலில் பார்த்தான். கேட்டுக் கேமராவைச் செயலாளரின் மொபைலில் இணைத்திருந்தார்கள். மறுநாளும் பார்த்தான். அதற்கு மறுநாளும். ஆபீஸ் மீட்டிங் ஒரு காதில் ஓட, கண் கேட்டிலேயே இருந்தது. அமல்ராஜ் யாரிடம் பேசுகிறார், யாரைப் பார்த்துத் தலையாட்டுகிறார், யார் படமெடுக்கிறார்கள்? அடுத்த சங்கத் தேர்தலுக்கு அடி போடுகிறாரோ? யூடியூப்காரன் யாராவது வருவானோ? ஒருவேளை சங்கிலியே... அந்த நினைப்பு வந்ததும் ஸ்ரீநாத் நிமிர்ந்து உட்கார்ந்தான். சங்கிலியை விற்க உதவியவன்தான் இப்படி நல்லவன் வேஷம் போடுவான்!

பொறுக்கமாட்டாமல் ஒருநாள் பாண்டியனுக்குப் போன் போட்டான். "அவர் பையை நீ பார்க்கக் கூடாது. நிக்கட்டும், எவ்ளோ நேரம் நிக்கிறார்னு பார்ப்போம்." அமல்ராஜ் நின்றுகொண்டே இருந்தார். ரயில் போயிருக்கும், அடுத்த ரயிலும் போயிருக்கும். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கோபமாக ஒரு வார்த்தை பேசியிருந்தால் ஸ்ரீநாத்துக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கடைசியில் அவனே கீழே இறங்கிப் போனான்.

"சார், யாரு உங்க பின்னாடி இருக்கிறது?"

"யாரும் இல்ல சார். அவங்கல்லாம் எனக்கு முன்னாடியே போயிட்டாங்க."

"காந்தின்னு நெனப்பா? அதெல்லாம் அந்தக் காலம் சார். வெட்கப்படறதுக்கு எதிர்ல ஆள் இருந்தாங்க. இப்ப இதுக்கெல்லாம் யார் வெட்கப்படறாங்க?"

அமல்ராஜ் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "நீங்க படுவீங்கன்னு நம்பித்தான் சார் நிக்கிறேன்."

அடி வாங்கியிருந்தால்கூட அப்படிச் சுட்டிருக்காது. "இவர் பையைப் பார்த்து அனுப்பு" என்று பாண்டியனிடம் எரிந்து விழுந்துவிட்டு ஸ்ரீநாத் லிப்டுக்குப் போனான்.

இதில் வேடிக்கை, சபீனாவுக்கும் அமல்ராஜ் மேல் நல்ல எண்ணம் இல்லை. மறுநாள் அவள் அவரைப் பிடித்துக் கேட்டதைக் கேமராவில் சத்தத்தோடு கேட்டான் ஸ்ரீநாத். "இன்னா சார், நீ பாட்டுக்கு வந்து நின்னுகினு கீற. உன்னப் பாத்துட்டு அந்த டீச்சரம்மாவும் நிக்குது. வரிசை நீண்டுகினே போவுது, என் ஷேர் ஆட்டோ பூடுது. உனுக்கு இன்னா வோணும்?"

"எனக்கு ஒண்ணும் வேணாம்மா."

"ஒண்ணும் வோணாம்னு சொல்றவனத்தான் நம்பவே கூடாது" என்றாள் சபீனா. வாழ்க்கையில் முதல்முறையாக ஸ்ரீநாத் அவளோடு ஒத்துப்போனான்.

டீச்சரம்மா என்று அவள் சொன்னது இரண்டாம் மாடி ஞானகுமாரியை. இன்னும் சிலரும் சேர்ந்தார்கள். குரூப்பில் முன்பு சபீனாவைத் திட்டியவர்களில்கூட ஒருத்தர் ஹெல்மெட்டையும் பையையும் வைத்துக்கொண்டு நின்றார். யார் யார் என்று ஸ்ரீநாத் மனசுக்குள் குறித்துக்கொண்டான். காலையில் எழுந்ததும் மொபைல், பல் தேய்க்கும்போது மொபைல். டிரெஸ்ஸிங் டேபிள் முன்னால் நின்று தலை சீவும்போதும் இடது கையில் மொபைல். அகல்யா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவனையே பார்ப்பாள். ஏதோ கேட்க வருகிற மாதிரி இருக்கும். "என்ன?" என்பான் திரும்பாமல். "ஒண்ணுமில்ல" என்பாள்.

காந்தி ஜெயந்தி விழாவில் பேச வேண்டிய பேச்சும் தயாராகிவிட்டது. 'இன்றைக்கும் காந்தி' என்று தலைப்பு. கம்ப்யூட்டரைக் கேட்டதும் அது எழுதிக் கொடுத்துவிட்டது. சத்தியம் என்ற சொல் அதில் தாராளமாகக் கிடந்தது. ஸ்ரீநாத் ஒருதரம் படித்துப் பார்த்துத் திருப்தியடைந்தான்.

கமிட்டி கூடுகிற நாள் வந்தது. மதியம் வழக்கம்போல் மொபைலைத் திறந்தான். வரிசை கேட்டிலிருந்து பார்க்கிங் வரை வளைந்திருந்தது. சபீனா, அவளுக்கு முன்னால் ஞானகுமாரி, கடைசியில் அமல்ராஜ். வரிசையின் தலையில், மஞ்சள் சுடிதாரில் ஒருத்தி. ஸ்ரீநாத் படத்தைப் பெரிதாக்கினான். அந்தச் சுடிதாரைப் போன தீபாவளிக்கு அவன்தான் வாங்கிக் கொடுத்தான்.

லிப்டுக்குக் காத்திருக்கவில்லை. மூன்று மாடியும் படியில் ஓடி இறங்கினான். அவன் போய்ச் சேர்ந்தபோது அகல்யாவின் கைப்பை மேசை மேல் திறந்திருந்தது. பாண்டியன் உள்ளே விட்ட கையை வெளியே எடுக்கத் தெரியாமல் நின்றான்.

"எடுங்கண்ணே" என்றாள் அகல்யா.

எடுத்தான். சங்கிலி. அதே முருகன் டாலர்.

ஸ்ரீநாத்துக்கு முதலில் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். அதையே பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான். "யார் உனக்குச் சொல்லிக் கொடுத்தது? அந்த ஆளா?"

"யாரும் சொல்லிக் கொடுக்கல. கல்யாணத்துக்குக் கட்டிட்டுப் போன பட்டுப்புடவை மடிப்புல மாட்டிட்டிருந்தது. போன வாரம் கெடச்சது."

"போன வாரமா? எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா, 'வெளிய சொல்லாத, செயலாளர் மானம் போயிடும்'னு சொல்வீங்க. நானும் வாயை மூடிட்டு இருந்துடுவேன். அதான் பயந்தேன். டிரெஸ்ஸிங் டேபிள் மேல, சீப்புக்குப் பக்கத்துல வச்சேன். நீங்களாப் பார்த்து, நீங்களாக் கீழ போய்ச் சொல்வீங்கன்னு தெனமும் காத்திருந்தேன்." அகல்யாவின் குரல் உடைந்தது. "அதுக்கு முன்னாடி நின்னுதான் தெனமும் தலை சீவினீங்க. கேமராவைப் பார்த்துக்கிட்டே."

ஸ்ரீநாத் நினைவில் தேடினான். சீப்பு இருந்தது. பவுடர் டப்பா இருந்தது. அதற்கு மேல் எதுவும் கண்ணுக்கு வரவில்லை. கேட்டில் நடந்த அத்தனையும் வந்தது, அமல்ராஜ் சட்டையின் வியர்வைக் கறை உள்பட. அவனுக்கு வெட்கமாக இருந்தது. காது மடல் வரை சுட்டது. அமல்ராஜ் பக்கம் திரும்பவே பயமாக இருந்தது. அந்த மனுஷன் சிரித்துக்கொண்டிருப்பார் என்று இப்போதும் சந்தேகப்பட்டான். அவர் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஞானகுமாரி ஒதுங்கி வழிவிட, சபீனா முன்னால் வந்து தன் பையை மேசை மேல் வைத்தாள். பாண்டியன் தயங்கினான். அவள் அவனைத் தள்ளிவிட்டு, ஜிப்பைத் தானே இழுத்து, பையை ஸ்ரீநாத் பக்கம் திருப்பி வைத்தாள்.

"நீ பாரு சார். இவ்ளோ நாளா இவுருதான் பாத்தாரு."

அவன் பார்த்தான். சோதனை போட உத்தரவிட்டவன், அந்தப் பைகளில் ஒன்றைக்கூட அதுவரை கிட்டத்தில் பார்த்ததில்லை. மடித்த துண்டு, மாத்திரை அட்டை, யாரோ கொடுத்த நாலு இட்லி.

"மன்னிச்சிடும்மா" என்றான் மெதுவாக.

"எங்கிட்ட இன்னாத்துக்கு? திருடின்னு எல்லார் முன்னாடியும்தான சொன்ன? இதையும் அப்படியே சொல்லு."

"நாளைக்கு ஃபங்ஷன்ல சொல்லிடறேன். எல்லாரும் வருவாங்க."

"நாளிக்கு லீவு. நான் ஊட்ல கீறேன். நான் கீறப்போ சொல்லு."

ஸ்ரீநாத் வரிசையைப் பார்த்தான். யாரும் கத்தவில்லை, ஏசவில்லை. பையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், அவ்வளவுதான். யாராவது இரண்டு வார்த்தை திட்டினால் பதிலுக்குத் திட்டிவிட்டு மாடிக்குப் போயிருக்கலாம். அந்த வழியும் இல்லை.

"சங்கிலியை..." தொண்டையைச் செருமினான். "சங்கிலியை சபீனா எடுக்கல. நான்தான் தப்பாச் சொன்னேன்."

சபீனா பை ஜிப்பை மூடவில்லை. வரிசையின் கடைசியைக் கையால் காட்டினாள்.

"அங்க கீறவங்களுக்குக் கேக்கல சார்."